இத்தாலிக்காரிக்குக் கண் வைத்தது யார்

“ஒரு மூஞ்சிய அரைமணி நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருப்பியா? நீ இருக்க மாட்ட.”

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அங்கே எல்லோரும் டச்சிங் அக்கா என்று கூப்பிடுகிறவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. வா என்று சொல்லவில்லை, பேர் என்ன என்றும் கேட்கவில்லை. என் பையில் பி.ஏ. ஆங்கிலப் பட்டம் இருந்தது. ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிசைன் படித்ததற்கான தாள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. எனக்கு முன்னால் என் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் எழுதிக் கொடுத்த காகிதம். மற்ற பிள்ளைகளுக்கு அது கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்கும் ஒரு தாள், அவ்வளவுதான். நான் அதை லேமினேட் செய்து வைத்திருந்தேன். வேலைக்கு அது தேவையில்லை என்று தெரிந்தும் எடுத்துப் போயிருந்தேன். அப்படிப்பட்ட என்னிடம், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருத்தி இப்படிக் கேட்டால்?

“சும்மா பாத்துக்கிட்டு இருக்கவா சம்பளம் குடுக்காக?” என்றேன்.

“அதுக்குந்தான்,” என்று சொல்லி, நாலு பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு அக்கா மானிட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

எங்கள் பகுதிக்கு டச்சிங் செக்‌ஷன் என்று பெயர். அங்கே நாங்கள் இரண்டே பேர். அச்சுக்கு வரும் படங்களைத் திருத்துவது எங்கள் வேலை. காலண்டர் சாமி, மத்தாப்புப் பெட்டிக் குழந்தை, கல்யாணப் பத்திரிகை ஜோடி, கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் என்று யார் வந்தாலும் முகத்துக்கு ஒரே நிறம்தான். சந்தன கலர். கன்னத்தில் கொஞ்சம் ரோஸ், உதட்டில் கொஞ்சம் சிவப்பு. ஒரு முகத்துக்கு ஏழு நிமிடம் போதும் என்று நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். எந்தப் படம் வந்தாலும் அக்கா முதலில், “யாரு இது?” என்று கேட்பாள். பதில் வரும்வரை மவுஸைத் தொட மாட்டாள்.

ஒருமுறை காரியாபட்டியிலிருந்து முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு ஒரு படம் வந்தது. பெயர், தேதி, ‘உங்கள் நினைவில் வாடும்’ எல்லாம் சரியாக இருந்தன. அக்கா வழக்கம்போல் ஆர்டரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இவுக இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கு. அது தழும்பா, போட்டோவுல விழுந்த கோடா? தழும்புன்னா விட்டுருதேன்.”

“எந்தப் புருவத்துல?”

“இடது.”

“தாயி, அது எனக்குல்லா இருக்கு?” என்றார் அவர். பேரன் அவசரத்தில் இறந்துபோன தம்பியின் படத்துக்குப் பதிலாக அண்ணனான இவர் படத்தை அனுப்பியிருக்கிறான். அந்தப் பெரியவர் அடுத்த வாரம் ஒரு பெட்டி பூந்தியோடு அச்சகத்துக்கு நேரில் வந்தார். வந்தவர் அக்காவைப் பார்த்து, “என்னயப் பொழைக்க வச்சுட்டியே ஆத்தா,” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். இது வெறும் அதிர்ஷ்டம் என்று பூந்தியைத் தின்றுகொண்டே நான் நினைத்தேன்.

முதலாளி அண்ணாச்சிக்கு அக்காவிடம் மரியாதையும் எரிச்சலும் சரி பாதியாக இருந்தன. ஒரு தீபாவளி சீசனில், இணையத்திலிருந்து எடுத்த ஒரு குழந்தைப் படத்தைப் பெட்டி லேபிளுக்குக் கொடுத்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் தொட மாட்டேன் என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். லோடு நிற்கிறது என்று அண்ணாச்சி கத்தினார். கடைசியில் எதிர் டீக்கடைக்காரர் மகளுக்குத் தலைசீவி, அவள் அம்மாவிடம் சம்மதம் கேட்டு, கையில் அணைந்த மத்தாப்பைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். தீப்பொறியை நான் கம்ப்யூட்டரில் போட்டேன். அந்தப் பிள்ளை இன்றைக்கும் வடக்கே எத்தனையோ ஊர்களில் பெட்டி மேல் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா எங்கள் டீயில் மட்டும் சீனியைக் கூடப் போடுவார்.

அக்காவின் ஊர் தாயில்பட்டி. ஒருநாள் அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் விபத்தில் போன ஒரு பெண்ணின் படம் வந்தது. தனிப் படம் இல்லை. கம்பெனியில் போனஸ் கொடுத்த அன்று எடுத்த கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். நான் ஏழு நிமிடத்தில் மீதிப் பாதியை உண்டாக்கிவிட்டேன். இடது பாதியைத் திருப்பி வலதாக ஒட்டினால் முகம் வந்துவிடும். மூக்குத்தி இரண்டாகிவிட்டது, ஒன்றை அழித்தேன். அக்கா வந்து பார்த்தாள். “ஒத்த மூக்குத்திதான்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்றாள். அக்கா அன்று மதியம் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணின் வீட்டில் கேட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தாள். அந்தப் பெண் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தவளாம். “அவ பிள்ளைக ரெண்டும் அந்தப் படத்தத்தான தினமும் பாக்கணும்,” என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க எனக்கு அக்காவின் மேல் கோபம். என் மேல் வர வேண்டியது வழி தவறிப் போயிருந்தது.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. என் பட்டமளிப்புப் படத்தை வீட்டில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கிக் கொண்டுவந்தேன். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய தாள். முகத்தை நானே கவனித்துக்கொண்டேன். சந்தன கலர், ஒடுக்கமான மூக்கு, எல்லாம். அக்கா அதை வாங்கிப் பார்த்து, “யாருத்தா இது? ஒங்க சித்தி மகளா?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“நான்தான்க்கா.”

அக்கா என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். “சரி,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்களிடம் அம்மா, “எம் மகதான்,” என்று கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமிப் படத்தில் கருவிழிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அதை வைக்க வேண்டும். கண் வைப்பது என்று அதற்குப் பெயர். அதை அக்கா மட்டும்தான் செய்வாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வைப்பாள். சாமிக்கென்று இருந்த வழக்கம் மெல்ல நடிகை, குழந்தை, இறந்தவர் என்று பரவி, வெடிப் பெட்டியில் இருக்கும் புலி வரைக்கும் வந்துவிட்டது. புலிக்கு மட்டும் செருப்பைக் கழற்ற மாட்டாள். நான் சேர்ந்து ஒரு வருடமாகியும், ஒரு புலிக்குக்கூட என்னைக் கண் வைக்க விட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் இத்தாலிக்காரி வந்தாள்.

மும்பை ஏஜென்ட் ஒருவர் மூலம், வெளிநாட்டில் நடக்கவிருந்த ஓர் ஓவிய ஏலத்துக்குப் புத்தகம் அடிக்கும் ஆர்டர் வந்தது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு பக்கம், கீழே ஆங்கிலத்தில் குறிப்பு. “இது நல்லபடியா முடிஞ்சா வெளிநாட்டு வேலைக்குன்னு தனி செக்‌ஷன் போட்டுருவேன். நீதான் இன்சார்ஜ்,” என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். அச்சகத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அன்று சாயங்காலமே அம்மா தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டாள்.

அட்டைக்கு வந்த படம் போன நூற்றாண்டின் இத்தாலி ஓவியர் ஒருவர் வரைந்தது. பழுப்புச் சுவர் முன்னால், நாற்காலியில் ஒரு பெண். மடியில் இரண்டு கைகளும் ஆளுக்குப் பொருந்தாமல் பெரிதாகக் கிடந்தன. முகம் சாம்பலும் பச்சையுமாக, பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது. கண்களில் ஒளியே இல்லை. இரண்டு கறுப்புத் திட்டுகள்.

அக்கா அதை அரைமணி நேரம் பார்த்தாள். பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

“யாரு பிள்ள இது?”

“யாரோ இத்தாலிக்காரி.”

“கீழ அம்புட்டு எழுதியிருக்கே. வாசிச்சுச் சொல்லேன்.”

“நீளம் அகலம், எம்புட்டுக்குப் போகும், அதுதான்க்கா இருக்கும். அது நமக்கு எதுக்கு?”

“யாருன்னு தெரியாம நான் தொட மாட்டேன். வாசிச்சு வையி. நாளைக்கழிச்சு வந்து கேட்டுக்கிடுதேன்,” என்று படம் வந்து சேர்ந்ததற்கு வேலைச் சீட்டில் தன் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு அக்கா போனாள். மறுநாள் கொழுந்தன் பிள்ளைக்குக் காதுகுத்து, அவளுக்கு லீவு.

மறுநாள் காலையிலேயே, சாயங்காலம் ப்ரூஃப் கூரியரில் போயாக வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நல்ல மானிட்டர் அக்காவுடையது. அதில் உட்கார்ந்தேன். வாசிக்கவில்லை. மூன்று வருடம் ஆங்கிலமே வாசித்தவள் எட்டு வரியை வாசிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தவன் சொதப்பியிருக்கிறான், அதனால்தான் முகம் பச்சையடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். சந்தன கலர் கொடுத்தேன். கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு. வெள்ளைக்காரிக்கு இவ்வளவு பெரிய கை ஆகாது என்று விரல்களை மெலிய வைத்தேன். யாரும் வரவில்லை என்று படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினேன். இரண்டு கண்ணிலும் இடது மேல் மூலையில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். இத்தாலிக்காரி பளிச்சென்று என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சிறந்த வேலை இதுதான் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வேலைச் சீட்டில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்த அண்ணாச்சி, அவளே முந்தின நாள் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை நான் திருத்தவில்லை. பாராட்டு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஏஜென்ட் போன் செய்தார். அவர் ஆங்கிலத்தில் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி மிரண்டு, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

“அட்டையில் இருப்பவள் யார்? சோப்பு விளம்பரத்துக்கு வந்தவளா?” என்றார் ஏஜென்ட்.

“கலர் கொஞ்சம் கூடிப்போச்சாம் அண்ணாச்சி,” என்றேன்.

“அவள் நோயாளி! சாகப்போகிறவள்! நீங்கள் அவளைக் குணப்படுத்தி அனுப்பியிருக்கிறீர்கள்!”

“கொஞ்சம் வெளிறுனாப்ல கேக்காக.”

“ஐஸ், ஐஸ்னு என்னமோ சொல்லுதாரே?”

“கண்ணுல புள்ளி இருக்காம். ஓவியர் வைக்கலையாம். வச்சது யாருன்னு கேக்காக.”

அச்சகத்தில் அது ஒரு கேள்வியே இல்லை. கண் வைப்பது யார் என்று கீழே அச்சு பிளேட் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சி அக்காவை வரச்சொன்னார்.

“நான் தொடல அண்ணாச்சி.”

“பின்ன புள்ளி தானா வந்து ஒக்காந்துக்கிச்சோ? சீட்டுல ஒன் கையெழுத்து, ஒன் மிசினு. வேற எவ கண்ணு வைப்பா இங்கன?”

அக்கா ப்ரூஃபைக் கையில் வாங்கினாள். படத்தில் வெளிச்சம் வலப் பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது. புள்ளி இடப் பக்கம் இருக்கிறது. அவளுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

“இந்தம்மா யாருன்னு இப்பமாவது தெரிஞ்சுச்சா?” என்று அக்கா கேட்டாள்.

அண்ணாச்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போகப்போகிற நேரத்தில் கேள்வியைப் பார் என்று கத்தி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தவறு செய்தவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று எழுதினால்தான் ஆர்டர் கையில் நிற்கும் என்றார் ஏஜென்ட். அந்தக் கடிதத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது யார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தைத் திரும்பச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் அந்த எட்டு வரியை வாசித்தேன். அவள் ஓவியரின் அக்கா. காசநோய் மருத்துவமனையில் அவளுடைய கடைசிக் குளிர்காலத்தில் வரைந்தது. அந்தப் பச்சைக்காகத்தான் படம் பேசப்படுகிறது. கை பெரிதாக இருப்பதும் பிழையில்லை. ஊரார் துணியை வெளுத்துத் தம்பியைப் படிக்கவைத்த கை அது. நான் மெலிய வைத்தது அதைத்தான். எங்கள் அம்மா இருபது வருடமாக வெடிக்குத் திரி செருகுகிறவள். வெள்ளி மருந்து ஏறிய அவள் விரல்களைப் பற்றி நான் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை.

நாலு நாள் எடுத்துக்கொண்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த நாலு நாளும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் அண்ணாச்சி, “நீ இருந்ததால மானம் தப்பிச்சுச்சு பிள்ள,” என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் நெடுநேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். “இருக்கட்டும் அண்ணாச்சி, இங்கன ஊர்லயே வேலை பாத்துக்கிடுதேன்,” என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அண்ணாச்சி என்னிடம், “ஒருத்திய எடுத்துட்டோம்னு எழுதியாச்சு. இப்ப அது அவ இல்ல, வேற ஒருத்தின்னு எழுதினா நம்மளக் காறித் துப்புவாக. சொன்னத இந்த ரூமோட விட்டுட்டுப் போ,” என்றார். நானும் விட்டுவிட்டுப் போனேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

புத்தகம் நன்றாக வந்தது. நான் இன்சார்ஜ் ஆனேன். ஏலம் முடிந்த பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த ஓவியத்தை யாரும் வாங்கவில்லை. என் ரோஸ் கன்னத்தோடு இருந்திருந்தால் போயிருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். நான் திருந்த இன்னும் நாளாகும்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. அச்சகத்தில் அக்கா இப்போது ஒரு நகைச்சுவைக் கதை. புதிதாக யார் வந்தாலும் மிசின் ஓட்டும் அண்ணன் நடித்துக் காட்டுவார். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டு, “இத்தாலி மாரியாத்தாவுக்குக் கண்ணு வைக்கேன்!” என்று காற்றில் இரண்டு புள்ளி வைப்பார். பிழையே செய்யாத ஒருத்தியின் பேர் அங்கே இப்படி நிலைத்துவிட்டது. நேற்று டீ நேரத்தில் மறுபடி நடித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் டீ ஆடை கட்டியிருந்தது.

இன்று மதியம், பழைய ப்ரூஃபையும் அச்சான அட்டையையும் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் குத்தினேன். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘முதல் படத்தில் முகத்தையும் கையையும் மாற்றிக் கண் வைத்தது நான். டச்சிங் அக்கா இதைத் தொடவே இல்லை. அன்று உடனே சொல்லாமல் இருந்ததும் நான்தான்.’ இனிஷியலோடு பெயரைப் போட்டேன். பழக்கத்தில் பின்னால் பி.ஏ. என்றும் எழுதிவிட்டேன். அடிக்கப் போய், வேண்டாம், செய்தது படித்தவள் என்று தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். மிசின் அண்ணன் இரண்டு தடவை வாசித்தார். “ஏ பிள்ள, இது நெசமா?” என்றார். கையிலிருந்த துணியால் நெற்றியைத் துடைத்தார், மை ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி மதுரைக்குப் போயிருக்கிறார். அவர் வந்து பார்த்த பிறகு எனக்கு இன்சார்ஜ் நாற்காலி இருக்குமா என்று தெரியவில்லை.

அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகக் கட்டினேன். எல்லாமே அழகாக இருந்தன. ஒன்றுகூட வாயில் வராது என்று தெரிந்தது. கண்டக்டர் தாயில்பட்டி என்று குரல் கொடுத்தார். இறங்கிவிட்டேன்.